பிள்ளை பிறக்க முந்தியே அடிக்காமல் வளர்க்கப் பழக்கலாமோ?

கனகராயன்:
கர்ப்பவதி கிளினிக்கில பிறசர், எடை, இரும்புச்சத்துக் குளிசை, திரிபோஷா சத்துமா எல்லாம் பாக்கினம். அந்தப் பிள்ளை மூண்டு வயசில நிலத்தில விழுந்து கத்தேக்க என்ன செய்யிறதெண்ட கதை பெரிசா வாறேல்லை. ஏழாம் மாசத்துக்கு முதல் தாய் தகப்பன் ரெண்டு பேரையும் இருத்தி மூண்டு வகுப்பு வைக்கோணும் எண்டது என்ர கருத்து. பிறந்தாப்பிறகு நித்திரை முழிச்சுக்கொண்டு ஒருதரும் படிக்க மாட்டினம்.

முதல் வகுப்பில ரெண்டு பேரும் தனித்தனியத் தாளில எழுதிறது: சின்னனில தங்களுக்கு என்ன தண்டனை கிடைச்சது, அதில எது தங்கட பிள்ளைக்கு வேண்டாம். பிறகு தாளை மாத்தி வாசிக்கிறது. பின்னுக்குச் சண்டை வரப்போற இடம் அதிலயே தெரியும். ரெண்டாவது, எந்த வயசில எதை எதிர்பாக்கலாம் எண்டது. மூண்டாவது, தாய் தகப்பன்ர கோபம்.

மாங்குளத்தான்:
அடியாத மாடு படியாது. எங்கட பக்கம் கட்டில்லாத கிணறு, வாய்க்கால், புடையன் பாம்பு, காணி துப்புரவாக்கேக்க இண்டைக்கும் கிளம்புற சண்டைக்கால வெடிபொருள். நீங்கள் விளக்கம் சொல்லி முடிக்க முந்திப் பிள்ளை கிணத்துக்குள்ள. ஈர்க்கால ரெண்டு போட்டால் சாகுமட்டும் மறக்காது. உந்த வகுப்பெல்லாம் கொழும்பில மாடிவீட்டில இருக்கிறவைக்கு.

கனகராயன்:
அண்ணை, கிணத்தை எடுத்தது நல்லது. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு வலிச்சது தெரியும், எதுக்கு வலிச்சதெண்டது பிசகும். ஆசையை அடக்கிற பக்குவம் மூண்டரை, நாலு வயசுக்குப் பிறகுதான் மெல்ல வரும். அதுவரைக்கும், அடிவாங்கின பிள்ளை நீங்கள் பாக்கேக்க மட்டும்தான் கிணத்தடிக்குப் போகாது. ஆனபடியால் காவல் கிணத்துக்குத்தான் போடோணும்: கட்டு, இல்லாட்டிக் கம்பிவலை மூடி, படலையில பிள்ளைக்கு எட்டாத உயரத்தில கொழுக்கி.

அதோட "நில்" எண்ட சொல்லைப் பழக்கலாம். முத்தத்தில ஓடவிட்டு ஒருக்கா "நில்" எண்டுறது, நிண்டவுடன கட்டிப்பிடிக்கிறது. நாளுக்கு நாலைஞ்சு தரம், விளையாட்டாய். அந்தச் சொல்லை வேற எதுக்கும் பாவிக்கப்படாது. சோறு சிந்தினதுக்கும் அதையே கத்தினால் கிணத்தடியில பலிக்காது.

வெடிபொருளுக்குப் பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கிறது மூண்டு: தொடாதே, கிட்டப் போகாதே, பெரியாக்களுக்குச் சொல்லு. போகவேண்டாமெண்ட பத்தைக்குள்ள போன பெடியன், போனதுக்கே அடி விழுமெண்டு தெரிஞ்சால், அங்க கண்டதை வந்து சொல்லுவானோ?

பாலைப்பழம்:
"நாங்கள் அடிக்கிறேல்லை" எண்டுற வீடுகளையும் பாருங்கோ. வெருட்டுத்தான். "மிசி வந்து ஊசி போடுவா" எண்டால் பிறகு தடுப்பூசிக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டுதான் போகோணும். "அம்மா செத்துப்போவன்" எண்டுறது அதைவிட மோசம். சுவரில மாலை போட்ட படங்கள் தொங்கிற வீட்டில பிள்ளை அதை அப்பிடியே நம்பும். முழங்காலில நிப்பாட்டுறது, வாயில கொச்சிக்காய் தடவுறது, சாப்பாட்டை மறிக்கிறது எல்லாம் கை படாத அடிதான். வகுப்பில இதையும் சேருங்கோ.

மாங்குளத்தான்:
அடிக்கவும் வேண்டாம், வெருட்டவும் வேண்டாம். நாலு வயசுப் பெடியன் தங்கச்சிக்குக் கல்லெறியிறான். தாய் வயலில, தகப்பன் மேசன் வேலைக்கு, வீட்டில அம்மம்மா மட்டும். என்ன செய்யிறது? தத்துவம் வேண்டாம், செயலைச் சொல்லுங்கோ.

வவுனிக்குளம்:
அடுப்படியில இருந்து கத்தப்படாது. கிட்டப் போய், குந்தி, முகத்தைப் பாத்து: "கல்லைக் கீழ போடு." "எறியாதே" எண்டால் கையில இருக்கிறதை என்ன செய்யிறதெண்டு அவனுக்குத் தெரியாது. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்கோ. போடாட்டி நீங்களே வாங்கிப்போட்டு, கண்ணுக்குத் தெரியிற இடத்தில ஒரு கதிரையில நாலு நிமிசம் இருத்துங்கோ. வயசுக்கு ஒரு நிமிசம், மூண்டுக்குக் கீழ வேண்டாம். அறைக்குள்ள பூட்டப்படாது. அந்த நேரம் புத்தி சொல்லவும் கூடாது, ஏச்சுக்கூட அவனுக்கு ஒரு கவனிப்புத்தான். முடிஞ்சோடன கல்லை வாளிக்குள்ள எறிய விடுங்கோ. தங்கச்சியோட நல்லா விளையாடேக்க, "தங்கச்சிக்குப் பந்தைக் குடுத்தாய், நல்லது" எண்டு நடந்ததைப் பேர் சொல்லிச் சொல்லோணும். கனபேர் விடுறது இதைத்தான்.

பிழைக்கிற இடம்: முதல் ஒண்டு ரெண்டு கிழமை குழப்படி கூடும். முந்திக் கத்தினால் கிடைச்சது இப்ப கிடைக்கேல்லை எண்டு பிள்ளை சத்தத்தைக் கூட்டிப் பாக்கும். "உது சரிவராது" எண்டு அப்பதான் தடியை எடுக்கினம். ஏழாம் நாள் இறங்கிக் குடுத்தால் பிள்ளை ஏழு நாள் கத்தப் பழகும். அம்மம்மா ஒளிச்சு இனிப்புக் குடுத்தாலும் இதே கதி. அதால அவவும் வகுப்புக்கு வரோணும், வீட்டுக்கு ரெண்டு மூண்டு விதிக்கு மேல வேண்டாம்.

மாங்குளத்தான்:
1939 ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே தாய் தகப்பன் தண்டிக்கிற உரிமையை விட்டுவைச்சதுதானே?

வவுனிக்குளம்:
அதே வாசகம் வாத்திமாருக்கும் விட்டுவைச்சது. பள்ளிக்கூடத்தில அடிக்கக்கூடாதெண்டு 2005 இலயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டிட்டுது. சிறுவர் கொடுமை 1995 இல தண்டனைச் சட்டக் கோவையில தனிக் குற்றமாய்ச் சேர்ந்தது. சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம் 1929 க்கு அயலட்டைச் சனமும் கோல் எடுத்துச் சொல்லலாம்.

கனகராயன்:
சட்டத்தை விட எனக்கு அந்த மூண்டாவது வகுப்புத்தான் முக்கியம். இப்ப பிள்ளை பெறுற கனபேர் 2009 இல சண்டை முடியேக்க தாங்களே சின்னப் பிள்ளையள். சத்தத்துக்கு உடம்பு பதறுற ஆளுக்குக் கைக்குழந்தையின்ர அழுகை தாங்கேலாமல் ஏறும். ரெண்டாம் கிழமையில இருந்து அழுகை கூடி, ஆறு எட்டுக் கிழமையில உச்சத்துக்குப் போய், மூண்டு நாலு மாசத்தில குறையும். முதலே தெரிஞ்சால் "என்ர வளர்ப்புப் பிழை" எண்டு நினைக்கமாட்டினம். பால் குடுத்து, துணி மாத்தி, காய்ச்சலும் இல்லையெண்டு பாத்தும் நிக்காட்டி, பிள்ளையைப் பாயில மல்லாக்கக் கிடத்திப்போட்டு அஞ்சு பத்து நிமிசம் வெளியால வந்து நில்லுங்கோ. உலுக்கவே கூடாது, மூளைக்குள்ள ரத்தம் கசியும். அந்த நேரம் ஆரைக் கூப்பிடுறதெண்டு பிறக்க முந்தியே பேசி வைக்கோணும்.

மாங்குளத்தான்:
உலுக்கிற கதை சரி, அது ஆம்பிளையளுக்குச் சொல்லத்தான் வேணும். தடி விசயத்தில நான் இன்னும் உங்களோட இல்லை. ஆனால் கிளினிக் நாளில வைச்சால் நாட்சம்பளத்தை விட்டிட்டு ஒருத்தனும் வரான். ஞாயிறு பின்னேரம் வையுங்கோ, முன்பள்ளிக் கட்டடம் அப்ப சும்மாதான் கிடக்கு.