புதுப்பிப்பு: மயில் நீலமா, சந்தனமா?

பத்துக்குப் பத்து படுக்கையறை, மேற்கே ஒரே ஜன்னல். அடர் மயில் நீலம் அடிக்கலாமா, வெளிர் சந்தனமா என்று கேட்டிருந்தேன். முடிவாகிவிட்டது. மூன்று சுவர் சந்தனம், ஜன்னலுக்கு எதிரே கட்டில் தலைமாட்டுச் சுவர் மட்டும் நீலம். ஜன்னல் இருக்கும் சுவரில் அடர் நிறம் அடித்தால் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இன்னும் இருட்டாகத் தெரியும்.

பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் சுவர் சுவராக மாற்றி வைத்துப் பாருங்கள் என்று சொன்னவருக்கு ரொம்ப நன்றி. ஷேடு கார்டில் இது எதுவும் தெரியாது. காலையில் சந்தனம் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருக்கிறது; நாலு மணி வெயில் விழுந்ததும் மஞ்சள் தூக்கலாகிவிடுகிறது. நீலம் பகலில் அவ்வளவாக மாறவில்லை, ராத்திரிதான் சிக்கல். 2700 கெல்வின் (பல்பு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் பல்பில் பச்சையாகத் தெரிந்தது. 6500 கெல்வின் வெள்ளையில் அறையே ஆஸ்பத்திரி வார்டு போல ஆனது. நடுவில் இருக்கும் 4000 கெல்வினில் இரண்டு நிறமும் அழகாக ஒத்துப்போகின்றன. அதனால் பெயிண்ட் வாங்கும் முன் பல்பை முடிவு செய்துவிடுங்கள்.

அப்புறம், நீலத்துக்கு மேட் ஃபினிஷ்தான் எடுக்கிறோம். பளபளப்பு வந்தால் சுவரைச் சமமாக்கப் பட்டி பார்த்த இடத்தின் மேடுபள்ளமெல்லாம் அடர் நிறத்தில் அப்படியே தெரியும்.