தொட்டியை வற்ற வைத்தபோதுதான் தெரிந்தது

எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், ஊருக்குப் பாதாள சாக்கடை வந்த புதிதில் கட்டியது. ஏரேஷன் தொட்டி, அதாவது கழிவுநீருக்குக் காற்றடிக்கும் தொட்டி இரண்டு, தொட்டிக்குக் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இரண்டு. நான் லேப் வேலைக்குச் சேர்ந்தபோது நான்கில் இரண்டின் கியர்பாக்ஸ் கழன்று ஷெட்டில் கிடந்தது. வெள்ளை நுரை பொங்கினால் சேறு (அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்க் கூட்டம்) இன்னும் இளசு, கெட்டியாகப் பழுப்பு நுரை படர்ந்தால் கிழடு தட்டிவிட்டது என்று சீனியர் ஆபரேட்டர் அண்ணன் சொல்லிக்கொடுத்தார். ஒரு லிட்டர் அளவு ஜாடியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, சேறு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தினமும் பார்ப்போம். எங்களுக்கு அதுதான் ஜாதகம்.

பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அறிவிக்கையில், வெளியே விடும் தண்ணீரின் பி.ஓ.டி. (அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை இருக்கலாம். 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் பெருநகரங்களுக்கு நிபுணர் குழு சொன்ன 10 மில்லிகிராமையே எல்லா ஊருக்கும் வைக்கச் சொன்னது. அதற்கப்புறம், கொள்ளளவு போதாது, எஸ்.பி.ஆர். போட வேண்டும் என்று எல்லோரும் பேச ஆரம்பித்தோம். நானும்தான்.

ஒரே தொட்டியில் நிரப்பி, காற்றடித்து, தெளியவிட்டு, மேல்தண்ணீரை வடிப்பதுதான் எஸ்.பி.ஆர். புத்தம்புது தொழில்நுட்பம் என்று படம் போட்டுக் காட்டினார்கள். 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் ஆரம்பத்தில் செய்து பார்த்ததும் கிட்டத்தட்ட இதைத்தான். அன்று ஆள் திருப்பிய வால்வை இன்று கணினி திருப்புகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். எஸ்.பி.ஆருக்கு மாற்ற முதல் தொட்டியை வற்ற வைத்தார்கள். சாக்கடைக்கு ஏது லீவு? ஊர்த் தண்ணீர் மொத்தமும் இரண்டாவது தொட்டிக்குத் திரும்பியது. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, ஊரே குளித்துத் துவைக்கும் நேரத்தில், கடைசித் தெளிவுத் தொட்டியின் விளிம்பைத் தாண்டிச் சேறு வழியும். அந்த மாதங்களில் நான் நிம்மதியாகக் காலைச் சாப்பாடு சாப்பிட்டதில்லை.

வற்றிய தொட்டியில் இடுப்பளவு மணல்! சிறிசு சிறிசு என்று புலம்பிய தொட்டியில் கால் பங்கை மணல் தின்றிருந்தது. முன்னால் மணல் பிடிக்கும் தொட்டி இருக்கத்தான் செய்கிறது. அதன் சுரண்டிச் செயின் அறுந்து வருடக்கணக்காகிறது, பைபாஸ் பண்ணிவிட்டு மறந்துவிட்டோம். ஆளை இறக்கி அள்ளலாம் என்றார் ஒருவர். விஷவாயு இருக்கும், ஒருத்தனும் இறங்கக் கூடாது என்று அண்ணன் ஏணியையே எடுத்து வைத்துவிட்டார். உறிஞ்சு வண்டியும் பொக்லைனும் வந்து காலி செய்தன.

புதுத் தொட்டி ஓட ஆரம்பித்தபோது, தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி, பழைய தொட்டிச் சேற்றையே விதையாக விட்டோம். பிடித்துக்கொண்டது. ஆனால் எஸ்டிமேட்டில் செலவைக் குறைக்க நுண்சல்லடையைத்தான் வெட்டியிருந்தார்கள். இரண்டே மாதத்தில் ஷாம்பு பாக்கெட், தலைமுடி, பூச்சரத்து நார் எல்லாம் மிக்சரில் கயிறாகச் சுற்றிக்கொண்டது. நிறுத்தி, அறுத்து, மறுபடி ஓட்டி. கடைசியில் சல்லடை தனி டெண்டரில் வந்தது. கோடிக்கணக்கில் செலவு செய்கிற இடத்தில் அதைப் போய் மிச்சம் பிடித்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது பி.ஓ.டி. பெரும்பாலும் 10-க்குள் நிற்கிறது. அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். போன் செய்தால் பி.ஓ.டி. பற்றிக் கேட்க மாட்டார். "இந்த வாரம் மணல் எத்தனை வண்டி போச்சு தம்பி?" என்பார்.