வணிகச் சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பித்த அனுபவம்: உங்களுக்கு என்ன நடந்தது? புனைபெயரில் எழுதுங்கள்.

பதினெட்டாவது கடிதம்:
பதினேழு நிராகரிப்புகளுக்குப் பிறகு பதினெட்டாவது விண்ணப்பத்துக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. அந்த வாரமே பழைய பதினேழையும் எடுத்துப் படித்தேன். கூச்சமாக இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே பத்தி: “பன்னாட்டு அளவில் பெயர் பெற்ற தங்கள் நிறுவனத்தின் கூடிப் பணியாற்றும் பண்பு என்னைக் கவர்ந்தது.” நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஒன்றில் அதையும் மாற்றவில்லை. போட்டி நிறுவனத்தின் பெயர் இரண்டாம் வரியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது. எவ்வளவு சுறுசுறுப்பான நிறுவனம் என்று அன்று வியந்தேன்!

பதினெட்டாவதில் மாறியது ஒரு பத்திதான். மைக்ரோசாஃப்ட், வீடியோ கேம் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்டை ஏறக்குறைய 6,900 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2022 ஜனவரியில் அறிவித்தது. கிளவுட் வழி, அதாவது தரவிறக்காமல் இணையத்திலேயே, விளையாடும் சந்தையில் போட்டி குறைந்துவிடும் என்று 2023 ஏப்ரலில் பிரிட்டனின் போட்டி ஆணையம் அதைத் தடுத்தது. முன்பெல்லாம் இவ்வளவையும் எழுதிவிட்டு, “இது போட்டிச் சட்டத்தின் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது” என்று முற்றுப்புள்ளி வைத்துவிடுவேன். நாளிதழ் படிக்கிறவன் என்பதற்குத்தான் அது சான்று.

இந்த முறை, “முடியாது” என்று ஆணையம் சொன்ன மறுநாள் வழக்கறிஞரின் மேசையில் என்ன வேலை இருந்திருக்கும் என்று யோசித்தேன். அடுத்த 15 ஆண்டுகளில் வெளியாகும் ஆக்டிவிஷன் விளையாட்டுகளின் கிளவுட் உரிமையை, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே, இன்னொரு விளையாட்டு நிறுவனமான யூபிசாஃப்டுக்கு விற்பது என்று ஒப்பந்தத்தையே பிரித்து எழுதினார்கள். 2023 அக்டோபரில் கையகப்படுத்தல் முடிந்தது. அந்த உரிமையை எந்த நாடுகளுக்கு, எந்தெந்த விளையாட்டுகளுக்கு என்று வரையறுப்பதும், வாங்குபவர் சொன்னபடி நடக்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதி வைப்பதும் ஒருவருடைய வேலை. உரிம ஒப்பந்தங்களைப் பற்றிக் கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை எழுதியவன் நான். அந்த நிறுவனத்தில் போட்டிச் சட்டக் குழுவிலும் தொழில்நுட்பக் குழுவிலும் பயிற்சி பெற வழி இருந்தது. இந்த மூன்றையும் நான்கு வாக்கியங்களில் சேர்த்தேன். நேர்காணலில் பாதி நேரம் அந்த நான்கு வாக்கியங்களிலேயே போனது. “யூபிசாஃப்டுக்குப் பதில் வேறொருவர் வாங்கியிருந்தால் ஆணையம் ஏற்றிருக்குமா?” என்று கேட்டார்கள். திணறினேன். ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள்.

நீல மை:
நான் மறுபக்கத்தில் இருக்கிறேன். நடுத்தர அளவு நிறுவனம் ஒன்றில் நான்காம் ஆண்டு அசோசியேட், அதாவது பார்ட்னர் ஆகாத வழக்கறிஞர். இரண்டு பருவங்களாக விண்ணப்பங்களைப் படிக்கிறேன். என் சொந்த வேலை முடிந்த பிறகு, இரவில், ஒரே அமர்வில் முப்பது விண்ணப்பங்கள். அந்த மனநிலையில் படிக்கிறவரை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சட்ட நிறுவனங்களுக்கான சேம்பர்ஸ், லீகல் 500 தரவரிசைகளில் நாங்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று எங்களுக்கே எடுத்துச் சொல்கிறவர்கள்தான் அதிகம். நன்றி, அது எங்களுக்குத் தெரியும். அடுத்தபடி, “நாங்கள் விவாதப் போட்டியில் வென்றோம்” வகை. அந்த “நாங்கள்” என்பதில் நீங்கள் யார்? உரையை எழுதினீர்களா, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தீர்களா?

இன்னும் மறக்காத ஒன்று உண்டு. ஓட்டல் வரவேற்பறையில் இரவுப் பணி செய்த ஒரு பெண் எழுதியது. கணினிக் கோளாறால் பதினொரு அறைகள் இரட்டைப் பதிவாகிவிட்ட இரவு. முதலில் யாரை அழைத்தார், யாரை வேறு ஓட்டலுக்கு அனுப்பினார், யாரிடம் மேலாளரின் அனுமதி இல்லாமல் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் திட்டு வாங்கினார் என்று வரிசையாக எழுதியிருந்தார். தவறையும் மறைக்கவில்லை. “தலைமைப் பண்பு” என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

உதிரி பாகம்:
மைக்ரோசாஃப்ட் அளவுக்குப் போக வேண்டியதில்லை என்று சொல்ல வந்தேன். கைபேசி பழுதுபார்க்கும் கடையில் மூன்று ஆண்டுகள் பகுதி நேரமாக வேலை செய்தேன். திரை விநியோகித்தவர் முப்பது நாள் கடனை ஏழு நாளாகக் குறைத்தார். விற்பனை நன்றாகவே இருந்தும் கடை ஆட்டம் கண்டுவிட்டது. லாபம் வேறு, கையில் இருக்கும் ரொக்கம் வேறு என்று அன்று புரிந்தது. வணிக அறிவு பற்றிய கேள்விக்கு இதைத்தான் எழுதினேன். நேர்காணல் செய்தவர் வங்கிக் கடன் பிரிவின் பார்ட்னர். என் கடைக்காரர் பிறகு என்ன செய்தார் என்று தெரிந்துகொள்வதில்தான் அவருக்கு அக்கறை.

கடைசி நிமிடம்:
விண்ணப்பத்தில் தேறி வாட்சன் கிளேசர் தேர்வில் விழுந்தவன் நான். கொடுத்த பத்தியை மட்டும் வைத்து முடிவு சொல்லும் தர்க்கத் தேர்வு அது. 30 நிமிடம், 40 கேள்விகள். கட்டுரையிலேயே ஒரு மாதம் மூழ்கிவிட்டு, ஒரே ஒரு மாதிரித் தேர்வுகூட எழுதாமல் போய் உட்கார்ந்தேன். பத்தியில் இல்லாததை, உலகில் உண்மை என்பதற்காகவே சரி என்று குறித்துவிட்டு வந்தேன். இன்னொன்று: ஆலன் அண்ட் ஓவரி என்ற சட்ட நிறுவனம் 2024 மே மாதம் ஷியர்மன் அண்ட் ஸ்டெர்லிங்குடன் இணைந்து பெயர் மாறியது. என் பழைய வரைவில் பழைய பெயர்தான் இருந்தது. அனுப்புவதற்கு முந்தைய இரவு தோழி பார்த்துச் சொன்னாள்.

பதினெட்டாவது கடிதம்:
நீல மை அவர்களுக்கு ஒரு கேள்வி. பெயரை மாற்றாமல் அனுப்பினேனே, அந்த நிறுவனத்துக்கு என் தம்பி விண்ணப்பிக்கிறான். ஒரே குடும்பப் பெயர். பழைய விண்ணப்பங்களை யாராவது எடுத்துப் பார்ப்பார்களா?

நீல மை:
பெரும்பாலானோர் பார்க்க மாட்டார்கள். நான் பார்ப்பேன்.