பாட்டில் இதயத்துக்கு ஒரு வால்வு வேண்டும்

மண்டபம் பக்கம் கடலோரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். இரத்த ஓட்டத்தைக் காட்ட, மூன்று தண்ணீர் பாட்டில்களை ஒளி ஊடுருவும் குழாய்களால் இணைத்து, பீட்ரூட் சாறு கலந்த நீரை ஊற்றி ஒரு மாதிரி செய்திருக்கிறேன். முதல் பாட்டில் இதயத்தின் மேலறை, நடுவில் கீழறை, மூன்றாவது உடல். நடுப் பாட்டிலை அமுக்கினால் நீர் உடலுக்குப் போக வேண்டும். போகிறது, ஆனால் பாதி மேலறைக்கே திரும்பிவிடுகிறது.

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள குழாயை விரலால் நசுக்கிப் பிடித்தால் சரியாக ஓடுகிறது. ஆனால் வால்வு தானாகத் திறந்து மூடுவதுதானே பாடம்! பலூன் கழுத்தை வெட்டிக் குழாய் முனையில் மாட்டினேன்; நனைந்ததும் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது. சைக்கிள் வால்வு டியூப் எட்டு வயதுக் கைகளின் அழுத்தத்துக்கு அசையவே இல்லை. மீன்தொட்டிக் காற்றுக்குழாயில் போடும் ஒருவழி வால்வு கொஞ்ச நேரம் வேலை செய்தது, பிறகு பீட்ரூட் சக்கை அடைத்துக்கொண்டது. வடிகட்டினால் ஓடும்தான், ஆனால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது.

பெரும்பாலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மீனின் இதயத்துக்கு இரண்டு அறை, நமக்கு நான்கு என்றதும், "நமக்கு மட்டும் ஏன் கூடுதல்?" என்று பிடித்துக்கொண்டார்கள். நுரையீரலுக்கு ஒரு சுற்று, உடலுக்கு ஒரு சுற்று என்று காட்ட இன்னொரு தொகுப்பு சேர்க்க வேண்டும். அதற்கு முன் இது ஓட வேண்டும்.

ராமநாதபுரம் கடைகளில் கிடைக்கும் எந்தப் பொருளைக் கொண்டு, குழந்தைகள் மெல்ல அமுக்கினாலே திறந்து மூடுகிற, கண்ணுக்குத் தெரிகிற வால்வு செய்யலாம்?