ஆங்கரஸ்: ‘அறைநோன்பி’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

14-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த நார்விச் ஜூலியன் என்ற அம்மையாரைப் பற்றிய கட்டுரைக்காக ‘ஆங்கரஸ்’ (anchoress) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். ஆலயத்தை ஒட்டிய அறைக்குள் வாழ்நாள் முழுதும் அடைந்திருந்து இறைவனை வேண்டும் பெண்ணைக் குறிக்கும் சொல் அது. இதுவரை வந்தவை பெண் துறவி, வனவாசி, சிறைத்துறவி. மூன்றுமே அந்த அம்மையாரின் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

வனவாசி என்றதும் வனத்து அந்தோனியார்தான் நினைவுக்கு வருவார். அவர் ஊரை விட்டுப் பாலைவனத்துக்குப் போனவர். ஜூலியன் எங்கும் போகவில்லை. நார்விச் அன்றைய இங்கிலாந்தின் பெரிய வணிக நகரங்களுள் ஒன்று. அந்த ஊருக்குள்ளேயே, புனித ஜூலியன் ஆலயத்தை ஒட்டிய ஓர் அறைக்குள் இருந்தார். ஆலயத்தின் பெயரே அவருக்கும் நின்றுவிட்டது என்று பலர் கருதுகிறார்கள். 1394-இல் எழுதிய ஓர் உயிலில் அவருக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், 1416-இல் எழுதிய இன்னோர் உயிலிலும் அப்படியே. கணக்குப் பாருங்கள், 22 ஆண்டுகளுக்குக் குறையாத அறைவாசம்!

இத்தகைய அறைகளில் பூசை காண ஆலயத்தை நோக்கி ஒரு சன்னலும், தேடி வருவோரிடம் பேசத் திரையிட்ட இன்னொரு சன்னலும் வைப்பது வழக்கம். 1413 வாக்கில் மார்ஜரி கெம்ப் என்ற பக்திப் பெண்மணி அவரிடம் ஆலோசனை கேட்க வந்து, பல நாள் பேசியிருக்கிறார். இதைச் சிறை என்று எப்படிச் சொல்வது? விரும்பிக் கேட்டு, ஆயரின் (பிஷப்பின்) அனுமதி பெற்று உள்ளே போவார்கள்.

உள்ளே போகும் சடங்கில் இறந்தோருக்கான மன்றாட்டுகளும் உண்டு என்பதால் ஒருவர் வடக்கிருத்தலை நினைவுபடுத்தினார். நல்ல ஒப்பீடுதான். ஆனால் வடக்கிருந்தவர் உயிர்விடுவதற்காக இருந்தார். ஜூலியனோ இருந்து எழுதினார். 1373 மே மாதம், 30 வயதில் சாகக் கிடந்தபோது கண்ட 16 காட்சிகளை முதலில் சுருக்கமாகவும், பல ஆண்டுகள் தியானித்த பின் விரிவாகவும் எழுதினார். ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதியதாக நமக்குத் தெரிந்த முதல் நூல் அதுதான்.

‘ஆங்கரஸ்’ என்பதன் மூலக் கிரேக்கச் சொல்லுக்கு ‘ஒதுங்கிப் போதல்’ என்று பொருள். ஆனால் இப்பெண்களுக்காக 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய வழிகாட்டி நூல் ஒன்று, கப்பலை நிறுத்தும் நங்கூரத்தோடு (ஆங்கிலத்தில் ‘ஆங்கர்’) சேர்த்து அதற்கு வேறு விளக்கம் தருகிறது. ஆலயத்தை அலைக்கழியாமல் பிடித்து நிற்பவளாம்! நம் சொல்லும் ஓரிடத்தில் ஊன்றி நிற்பதைத்தான் காட்ட வேண்டும்.

அதனால் ‘அறைநோன்பி’ என்று முன்வைக்கிறேன். நோன்பு என்றால் பட்டினி மட்டும்தானா என்று கேட்பீர்கள். இல்லை, உறுதி எடுத்துக் காப்பதெல்லாம் நோன்புதான். சிலப்பதிகாரத்தில் கவுந்தி என்ற பெண் துறவியை ‘அடிகள்’ என்றது போல இதுவும் இருபாலுக்கும் பொது. அப்புறம், அறைக்கு ‘நோன்பறை’, சடங்குக்கு ‘அறைபுகுதல்’ என்று அதே வேரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

‘கன்னியர்’ மட்டும் வேண்டாம். அது மடத்தில் கூடி வாழும் சகோதரிகளுக்கு நிலைத்துவிட்ட சொல். ‘நோன்பறை’யைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.