உயிரியலில் பிஎச்டி நினைப்போடு அமெரிக்கா வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஜிபிஏ என்ற சராசரி மார்க் எவ்வளவு வேண்டும் என்றுதான். மார்க் வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் லேபில் கை வைத்து என்ன செய்திருக்கிறீர்கள் என்பதைத்தான் உயிரியல் துறைகள் துருவிப் பார்க்கும். பல துறைகள் ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வு மார்க்கைக் கேட்பதையே விட்டுவிட்டன, அதற்குப் படிக்கும் மாதங்களை லேபுக்குக் கொடுங்கள்.

லேபில் எப்படிச் சேர்வது? வந்த புதிதில் நான் ஒரே மெயிலை முப்பது பேராசிரியர்களுக்கு அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. அப்புறம் ஒரே ஒருவருடைய பேப்பரை உட்கார்ந்து முழுதாகப் படித்து, மூன்றாவது படத்தில் அந்தப் புரோட்டீனை நீக்கிய பிறகும் செல்கள் ஏன் பிரிந்துகொண்டே இருக்கின்றன என்று புரியவில்லை, வாரத்துக்குப் பத்து மணி நேரம் வரமுடியும், பாத்திரம் கழுவுவதிலிருந்து தொடங்கவும் சம்மதம் என்று ஆறு வரி எழுதினேன். மறுநாளே வரச் சொன்னார்.

கோடை ஆராய்ச்சி என்றதும் அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பான என்எஸ்எஃப் இளங்கலை மாணவர்களுக்குத் தரும் ஆர்இயு என்ற ஆராய்ச்சி வாய்ப்பைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் அதை நம்பி ஒரு கோடையை இழந்துவிடாதீர்கள். பேராசிரியர் தன் கிராண்டிலிருந்து, அதாவது ஆராய்ச்சி நிதியிலிருந்து, சம்பளம் கொடுத்தால் கல்லூரி வளாகத்திலேயே வேலை செய்யலாம், செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை.

லேபில் சேர்ந்ததும் நோட்டுதான் உங்கள் சொத்து. தேதி, பிரைமர் (டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு), எந்த டியூபில் எத்தனை மைக்ரோலிட்டர், எல்லாம் எழுதுங்கள். டிஎன்ஏவைப் பல நகல்களாகப் பெருக்கும் பிசிஆர் சோதனை தோற்றுப்போனால் அதையும் கட்டாயம் எழுதுங்கள். டிஎன்ஏவுக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட டியூபிலும் ஜெல்லில் பேண்ட் (டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் கோடு) தெரிந்ததா, ஏதோ ஒன்றில் வேறு டிஎன்ஏ கலந்திருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று இன்டர்வியூவில் விளக்கத் தெரிந்தவரைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். கூடவே ஆர் அல்லது பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிகளில் ஏதாவது ஒன்று பழகிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்கான கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் வரும். சிபாரிசுக் கடிதம் வழக்கமாக மூன்று கேட்பார்கள், செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். வகுப்பில் ஏ கொடுத்த பெரிய பேராசிரியரைவிட, உங்கள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதும் கடிதத்துக்குத்தான் எடை.

பணம்: இங்கே உயிரியல் பிஎச்டிக்குப் பொதுவாகக் கட்டணத்தை அவர்களே கட்டி, மாதாமாதம் உதவித்தொகையும் தருவார்கள். கைக்காசு போட்டுப் படிக்கச் சொன்னால் போகாதீர்கள், கடன் வாங்கவே வாங்காதீர்கள். எல்லோரும் பேராசிரியர் ஆகப்போவதில்லை, கம்பெனி வேலைக்குப் போக நினைப்பவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பு 24 மாதம் இருக்கிறது.

இடம் கிடைத்தபின் பல துறைகளில் முதல் வருடம் இரண்டு மூன்று லேப்களில் சில வாரங்கள் சுற்றவிடுவார்கள். பெயர் பெற்ற லேப் என்று உடனே சாய்ந்துவிடாதீர்கள், நான்கைந்து வருடம் அந்த லேபை நடத்தும் பேராசிரியரோடுதான் இருக்கப்போகிறீர்கள். இங்கே முடிக்க எத்தனை வருடம் ஆகிறது, எழுதிக் கொடுத்தால் படிக்கிறாரா, பாதியில் விட்டுப்போனவர்கள் உண்டா என்று சீனியர்களைக் கேளுங்கள். தனியாக, அவர் இல்லாத நேரமாகப் பார்த்து.