சும்மா கிடக்கும் கிரெடிட் கார்டை மூடிவிட்டுத்தான் புதிதுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

செந்தூல்வாசி

போன மாதம் நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெட்ரோலுக்குக் கேஷ்பேக் கொடுக்கும் கார்டு ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். தினமும் செந்தூலிலிருந்து ஷா ஆலாமுக்குக் கார் ஓட்டுகிறேன், எண்ணெய்க்கே நிறைய போகிறது. சம்பளம் பரவாயில்லை. கார் லோன் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. கிடைத்துவிடும் என்றுதான் இருந்தேன். நிராகரித்துவிட்டார்கள். காரணம் கேட்கக் கிளைக்கே போனேன். அங்கிருந்த பெண், "உங்க சிசிஆர்ஐஎஸ் ரிப்போர்ட்டை ஒரு தடவை பாருங்க சார்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சிசிஆர்ஐஎஸ் என்பது மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் நம் கடன் பதிவு.

கார் பார்க்கில் உட்கார்ந்து போனிலேயே எடுத்துப் பார்த்தேன். எத்தனை மாதத் தவணை பாக்கி என்று மாதாமாதம் ஓர் எண் இருக்கும். கார் லோன் வரிசையில் 12 மாதமும் பூஜ்யம். அதற்குக் கீழே இன்னொரு வரிசை. ஏதோ ஒரு கார்டு. அதில் முந்தைய மாதங்களுக்கெல்லாம் 0, கடைசி மூன்று மாதத்துக்கு மட்டும் 1, 2, 3. கார்டையே மறந்து போயிருந்தேன். மிட் வேலி ஷாப்பிங் காம்ப்ளெக்சில் மேசை போட்டு நின்ற ஒருவரிடம் எடுத்தது. ஒரு தடவைகூடத் தேய்க்கவில்லை.

தேய்க்கவில்லை என்றாலும் வருடம் 25 வெள்ளி (ரிங்கிட்) அரசாங்கச் சேவை வரி விழும் அல்லவா? ஸ்டேட்மெண்ட் பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறது, போன் நம்பரும் மாறிவிட்டது. கட்டாததால் மாதத்துக்குப் பத்து வெள்ளி தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. மொத்தம் ஐம்பத்தைந்து வெள்ளி சொச்சம். அந்தப் பணத்துக்காக என் பெயருக்கு நேரே 3 நிற்கிறது.

அன்றைக்கே கட்டிவிட்டேன். இப்போது அந்தக் கார்டை மூடிவிடலாம் என்று பார்த்தால், மூடினால் கிரெடிட் ஸ்கோர் விழும் என்கிறார் நண்பர். யாருக்காவது அனுபவம் உண்டா?

பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்

என் விஷயத்தில் மூடலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. வருட வருமானம் 36,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்கள் இரண்டு வங்கிகளின் கார்டுதான் வைத்திருக்க முடியும். 2011-இலிருந்து பேங்க் நெகாரா விதி அது. ஒவ்வொரு வங்கியும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் லிமிட் கொடுக்கவும் கூடாது. பேக்டரியில் ஓவர்டைம் எல்லாம் சேர்த்தும் நான் அந்தக் கோட்டுக்குக் கீழேதான்.

என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தன. மகளுக்கு லேப்டாப் வாங்க, வட்டியில்லாத தவணை கொடுக்கும் மூன்றாவது வங்கியின் கார்டு தேவைப்பட்டது. ஷாப்பிங் காம்ப்ளெக்சில் மேசை போட்டிருந்த பையன், நம் பையன்தான், என் மகன் வயசு. "அக்கா, உங்களுக்கு ரெண்டு பேங்க் ஆயிருச்சு. ஒன்னை வெட்டுனாத்தான் நான் ஃபாரம் அனுப்ப முடியும்" என்று சொல்லி, டிராயரிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினான். வெட்டினேன். நாலு துண்டு. அவனே பொறுக்கிக் குப்பையில் போட்டான்.

மூன்று வாரம் கழித்து நிராகரிப்பு வந்தது. அட்டையை வெட்டினால் கணக்கு மூடாது. அந்தப் பையனுக்கு அது தெரியுமா தெரியாதா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நான் வங்கிக்குப் போன் செய்து மூடச் சொல்லவே இல்லை, அதனால் என் பெயரில் இரண்டு வங்கியும் அப்படியே இருந்தன. பிறகு முறையாக மூடி, கடிதம் வாங்கி, ஒரு மாதம் பொறுத்துத் திரும்பப் போட்டேன், கிடைத்தது. அதற்குள் மகள் வகுப்பு ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிவிட்டது. போனிலேயே அசைன்மெண்ட் டைப் செய்துகொண்டிருந்தாள்.

பட்டர்வொர்த் பென்ஷன்

இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். தம்பி, உங்களுக்கு நடந்தது கார்டின் குற்றம் இல்லை. விலாசத்தை மாற்றாத குற்றம். அதற்காகக் கார்டை மூடாதீர்கள். நான் மூடினேன், அதனால்தான் சொல்கிறேன்.

1996-இல் எடுத்த கார்டு. வேலையில் இருந்த காலம் முழுக்கச் சட்டைப் பையில் இருந்தது. ஓய்வு பெறும்போது, இனி எதற்கு என்று நானே போன் செய்து மூடினேன். நாலு வருடம் கழித்து, ராத்திரி பதினொரு மணிக்கு மனைவிக்கு மூச்சுத் திணறல். தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். சேர்ப்பதற்கு முன்பணம் கட்ட வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டார்: "கிரெடிட் கார்டு இருக்கா அங்கிள்?" டெபிட் கார்டில் அவ்வளவு பணம் இல்லை. மனைவியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தூண் ஓரமாக நின்று மச்சானுக்கும் தம்பிக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை போகவில்லை.

அப்புறம் புதிய கார்டுக்குப் போட்டுப் பார்த்தேன். வருட வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி வேண்டும் என்றார்கள். என் பென்ஷன் அதற்கு எட்டாது. வேலையில் இருக்கும்போது வீடு தேடி வந்து கொடுத்த பொருள், இப்போது கேட்டாலும் கிடைக்கவில்லை. பழைய கார்டை மூடாதீர்கள். மூடினால் ஸ்கோரும் விழும் என்று வீடியோவில் எல்லாரும் சொல்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் கணக்கு

ஐயா, உங்களுக்கு நடந்தது வருத்தமான விஷயம். ஆனால் ஸ்கோர் பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே விட முடியவில்லை. அந்த வீடியோக்கள் சென்னையில் இந்தியாவின் சிபில் ஸ்கோர் பற்றிப் பேசுபவை, இல்லையென்றால் அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோரைப் பார்த்துச் சொல்பவை. ஃபைகோவில் கணக்கின் வயசுக்கு 15 சதவீதம். நம் ஊரில் சிடோஸ் என்ற நிறுவனம் கணக்கிடும் ஸ்கோரில் அதற்கு 7 சதவீதம்தான். ஒழுங்காகக் கட்டினோமா என்பதற்கு 45, எவ்வளவு கடன் பாக்கி என்பதற்கு 20, புதிய கடனுக்கு 14, எந்தெந்த வகைக் கடன் என்பதற்கு 14. ஆகவே செந்தூல் தம்பிக்கு அடி விழுந்தது அந்த 45-இல். கார்டை வைத்திருந்து 7-ஐக் காப்பாற்றுவதைவிட 45-ஐக் காப்பாற்றுவது முக்கியம்.

என் கதை சின்னது. பினாங்கில் வேலை பார்த்தபோது ஒரு கார்டை மூடினேன். டோல் அட்டைக்குத் தானாகப் பணம் ஏற்றிக்கொண்டிருந்தது அந்தக் கார்டுதான் என்பதை மறந்துவிட்டேன். பிறை பக்கம் பாலத்து டோலில், காலை ஏழரை மணிக்கு, தடுப்புக் கட்டை ஏறவில்லை. பின்னால் முழு வரிசையும் ஹாரன். கட்டை திறக்கும் வரை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், கை நடுங்கியது.

அதனால் மூடப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முதலில் பேங்க் நெகாராவின் இ-சிசிஆர்ஐஎஸ் இணையத்தளத்தில் உங்கள் அறிக்கையை எடுங்கள், இலவசம். உங்கள் பெயரில் எத்தனை வங்கி, எவ்வளவு லிமிட் என்று அதிலேயே தெரியும். பிறகு அந்தக் கார்டில் எதெல்லாம் தானாக வெட்டப்படுகிறது என்று 12 மாத ஸ்டேட்மெண்டில் பாருங்கள். இன்சூரன்ஸ் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும், மூன்று மாத ஸ்டேட்மெண்டில் சிக்காது. தவணைத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தால் மூடும்போது மீதியை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். பாயிண்ட்ஸ் இருந்தால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். பாக்கியை முழுக்கக் கட்டிய பிறகும், கட்டிய நாள் வரைக்கான வட்டி அடுத்த ஸ்டேட்மெண்டில் சில வெள்ளியாக வரலாம். அதையும் கட்டிவிட்டு மூடியதற்குக் கடிதம் கேளுங்கள். வங்கிகள் பேங்க் நெகாராவுக்குத் தகவல் அனுப்புவது மாதத்துக்கு ஒரு தடவைதான், ஆகவே பாயான் லெப்பாஸ் அக்கா செய்ததுபோல் ஒரு மாதம் பொறுத்து விண்ணப்பிப்பது நல்லது.

இன்னொன்று. ஒரே வங்கியில் இரண்டு மூன்று கார்டு இருந்தால் பெரும்பாலும் லிமிட் எல்லாவற்றுக்கும் பொதுதான். ஒன்றை மூடினால் உங்கள் மொத்த லிமிட் குறையாது, மிச்சமாவது 25 வெள்ளி வரிதான். அந்த வரியே 2010-இல் 50 வெள்ளியாக வந்தது, 2015-இல் ஜிஎஸ்டி வந்தபோது போனது, 2018 செப்டம்பரில் 25 வெள்ளியாகத் திரும்பி வந்தது. வருடக் கட்டணத்தைப் பேசித் தள்ளுபடி வாங்கினாலும் இந்த வரியை யாராவது கட்டித்தான் ஆக வேண்டும். எந்தக் கார்டின் வரி எந்த மாதம் விழும் என்று சொல்ல முடியாத அளவுக்குக் கார்டு வைத்திருந்தால், அதில் ஒன்றிரண்டு அதிகம் என்றே நான் சொல்வேன்.

ஐயாவுக்கு ஒரு வார்த்தை: விலாசம் மாற்றாதது செந்தூல் தம்பியின் குற்றம் என்றீர்கள். மூன்று வீடு மாறிய வாடகைக்காரனுக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

செந்தூல்வாசி

நன்றி அண்ணே. மூன்று வீடு இல்லை, இரண்டு. ஆனால் அங்கிள் சொன்னதும் சரிதான், நான் மாற்றியிருக்க வேண்டும். 3 மறைய 12 மாதம் ஓட வேண்டும், அதுவரை எதற்கும் விண்ணப்பிக்கப் போவதில்லை. அந்தக் கார்டை மூடுகிறேன். சம்பளம் விழும் வங்கியின் பழைய கார்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அங்கிள், ஆண்டிக்கு இப்போது எப்படி இருக்கிறது?

கெப்போங் அம்மா

எனக்கு இதில் ஒரே ஒரு அனுபவம். என்னுடையது துணை அட்டை, கணவர் பெயரில் உள்ளது. அவர் புதிய கார்டுக்குப் போடுவதற்காகப் பழையதை மூடிவிட்டார். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். முதன்மைக் கார்டு போனால் துணைக் கார்டும் போய்விடும்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி நிறையச் சாமான். கார்டு வேலை செய்யவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. கல்லாவில் இருந்த பிள்ளை மெதுவாக, "வேற கார்டு இருக்காம்மா?" என்றாள். கையில் எழுபது வெள்ளி இருந்தது. அரிசி, வெல்லம், முந்திரிப் பருப்பு மட்டும் எடுத்துக்கொண்டேன். மீதியை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டாள், பின்னால் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடக் குடும்பத்தில் என் பெயரில் ஒரு கார்டுகூட இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பட்டர்வொர்த் ஐயா, உங்கள் பிள்ளைகள் யாராவது வேலையில் இருந்தால் அவர்கள் கார்டில் உங்களுக்கு ஒரு துணை அட்டை கேட்கலாமே? அதற்கும் 25 வெள்ளி வரி உண்டு. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அது கையில் இருக்கும்.

பட்டர்வொர்த் பென்ஷன்

செந்தூல் தம்பி, அவள் நலம். இப்போது கோயிலுக்குப் படி ஏறிப் போகிறாள். வாடகை வீட்டு விஷயம் நான் யோசிக்காமல் சொன்னது, மனசில் வைக்க வேண்டாம்.

கெப்போங் அம்மா, மகன் ஜொகூரில் இருக்கிறான், துணை அட்டையை அவனே இரண்டு தடவை சொல்லிவிட்டான். அவனுக்கே வீட்டுக் கடன் இருக்கிறது என்று நான்தான் தட்டிக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கேட்கிறேன்.